ஊதா ஈ

பல்க்லி ஆற்றில் முழங்காலளவு நீரில் நிற்கிறாள் ஹில்டி. அக்டோபர் வெயில் நீர்மேல் பித்தளை நிறத்தில் கிடக்கிறது. தூண்டில் நுனியில், முயல் ரோமமும் ஊதா இறகும் வைத்து மீனை ஏமாற்ற அவளே கட்டிய பொய் ஈ. ஸ்டீல்ஹெட் மீன் ஒன்று அதைக் கடித்தால் போதும் அவளுக்கு. பிடித்தாலும் சட்டப்படி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டியதுதான். பத்து நாளாக எதுவும் தொடவில்லை. "அந்த ஈயைப் பாத்தா மீனுக்குச் சிரிப்புதான் வரும், மச்சினி," என்கிறான் கரையில் காபி குடிக்கும் வெர்ன், அவள் அக்காள் கணவன். "நீங்க காபியைக் குடிங்க, அத்தான்." வீசுகிறாள், ஈ நீரோட்டத்துக்குக் குறுக்கே வளைந்து போகிறது. நீர் போகும் பக்கம் ஓரடி நகர்ந்து மறுபடி வீசுகிறாள். திடீரென்று தூண்டில் நரம்பு விறைக்கிறது, அதைச் சுற்றிய சுருளை கிறீச்சிடுகிறது, நீருக்கடியில் மீனின் வெள்ளி விலா ஒன்று புரள்கிறது. மறுகணம் எல்லாம் தளர்ந்துவிடுகிறது. இழுத்துப் பார்த்தால் ஈ அப்படியே இருக்கிறது, கொக்கியின் முனைதான் இல்லை. வீசுவதற்காகப் பின்னால் சுழற்றும்போது கரைக்கல்லில் பட்டு எப்போதோ ஒடிந்திருக்கிறது. "முனையைப் பாக்காமலா இவ்வளவு நேரம் வீசிட்டிருந்தே?" வெர்ன் தண்ணீரில் இறங்கி வந்து, ஈரம் சொட்டும் ஈயை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். "இதே மாதிரி இன்னொண்ணு கட்டி வச்சிருக்கியா?" "இருக்கு. எதுக்கு?" "எனக்குத்தான்."