மதிலுக்கு மேலே தெரியணும்

"ஒண்ணுகூட முளைக்கலம்மா. ரெண்டாவது பாக்கெட்டும் போச்சு."

தொப்பிக்காரர் விதைத் தட்டை மேஜைமேல் வைத்தார். வெறும் மண். ஒரு பச்சைப் புள்ளி கிடையாது. வெயிலில் வெளுத்துப்போன தொப்பியைக் கழற்றிவிட்டு, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

விதைக்கடைக்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவள் விதையைச் சொன்னால் பொறுக்காது.

"என் விதைமேல பழியைப் போடாதீங்க. ஈரத்துணியில மடிச்சு ஃபிரிட்ஜ்ல வெச்சீங்களா?"

"ரெண்டு வாரம் வெச்சேன். பால் பாத்திரத்தை வெளிய எடுத்துட்டு வெச்சேன். வீட்டுல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க."

"தண்ணி?"

"தெளிச்சேன். ஊத்தல."

"இது பிடிவாதம் பிடிச்ச செடி. பேசாம ரோஜா நாத்து தர்றேன், கொண்டு போங்க."

"இல்லம்மா, இதுதான் வேணும். மதில் நாலடி. பூ அதுக்கு மேல தெரியணும். ஆனா பக்கத்துல இருக்கறவங்களை மறைக்கக் கூடாது. அடுத்த வருஷத்தோட எனக்கு வேலை முடியுது. நான் போனப்புறமும் வருஷா வருஷம் தானாத் தழைச்சு வரணும். இதுக்கெல்லாம் இந்த ஒரு செடிதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னவள் அவள்தான். ஆளுயரத்துக்குக் குச்சி குச்சியாய்த் தண்டு, நுனியில் மட்டும் ஊதாக் கொத்து. பின்னால் யார் நின்றாலும் முகம் தெரியும், அவ்வளவு இடைவெளி விட்டு வளரும்.

"அப்படி யார் பார்க்கணும் அந்தப் பூவை?"

"ஒருத்தங்க தினமும் அந்த வழியாப் போறாங்க. இந்தப் பக்கம் தலையைத் திருப்பறதே இல்ல. ஒரு தடவையாவது பார்க்கணும்மா."

"இந்த வயசுலயா! வீட்டுல தெரியுமா?"

அவர் சிரிக்கவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த சின்னப் பூவாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வயதுக் கைக்கு ஏற்ற பூவாளி.

"அது விற்கறதுக்கில்ல" என்றாள். "என் மகனோடது."

எதையும் விசாரிக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். சில பேர் நோண்டி நோண்டிக் கேட்பார்கள். இவர் கேட்காதது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கோபமும் இறங்கிவிட்டது.

"கடைசிப் பாக்கெட் இது. என் கண் முன்னாலயே போடுங்க, எங்க தப்பு நடக்குதுன்னு பார்த்துடறேன்."

புதுத் தட்டில் மண்ணைப் பரப்பினார். விதையைத் தூவினார். மறு கையில் மண் அள்ளி, ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக மெல்ல மெல்லத் தள்ளினார். அவ்வளவு பதமாக மண்ணைக் கையாளும் கையை அவள் பார்த்ததில்லை. கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டப் போனார்.

"ஐயோ, மண்ணைப் போட்டு மூடாதீங்க!"

அவள் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. அவர் கை அந்தரத்தில் நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை.

"வெளிச்சம் பட்டாத்தான் இது முளைக்கும். மூடினா உள்ளயே போயிடும்" என்று தணிந்து சொன்னாள். "என்ன வேலை பார்க்கறீங்க நீங்க?"

"மண்ணு வேலைதாம்மா. முப்பத்திரண்டு வருஷம்."

"முப்பத்திரண்டு வருஷம் மண்ணோட புழங்கினவருக்கு இது தெரியலையே!"

"கை மூடியே பழகிடுச்சு." தூவிய விதைமேல் விழுந்த மண்ணை விரல் நுனியால் ஒவ்வொரு துகளாக விலக்கினார். "சரிம்மா. இந்தத் தடவை மூடல."

அதற்கப்புறம் அவர் கடைப்பக்கமே வரவில்லை. முளைத்ததோ இல்லையோ என்று அவளும் பல நாள் நினைத்துக்கொண்டாள், பிறகு மறந்துபோனாள்.

மறு வருஷம் ஒரு நாள் சாயங்காலம், கடையைப் பூட்டிவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அந்தத் திருப்பம் வந்ததும் வழக்கம்போல முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆறு வருஷமாக அப்படித்தான். திரும்பினால் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயம்.

"அடேயப்பா, என்ன பூ அது?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. "மதிலுக்கு மேல ஊதாவா மிதக்குது பாரேன்!"

ஊதா என்ற சொல்லில் அவளையறியாமல் தலை திரும்பிவிட்டது. அவள் விதை! சந்தேகமே இல்லை, அவள் கடை விதைதான். நிறுத்தத்தில் எப்படி இறங்கினாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆறு வருஷமாகத் தொடாத இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு இடுகாட்டுக்குள் போனாள்.

பூக்களுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார் தொப்பிக்காரர். தண்டுகளின் இடைவெளியில் ஒரு சின்னக் கல். அதில் அவள் மகனின் பெயர். அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரர் மாசம் தவறாம வருவார். நீங்க திரும்பிக்கூடப் பார்க்காம போறீங்கன்னு சொல்லி அழுவார். நாளையோட எனக்கு வேலை முடியுதும்மா" என்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி, அன்னைக்கும் நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மண்ணைப் போட்டு மூடாதீங்க'ன்னுதான் கத்தினீங்க. அன்னைக்கு என்னால கேட்க முடியல."