சொல் முடியும் வரை

ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தொன்று. பேச்சு திக்கும். அவள் தொடங்கும் சொல்லை எப்போதும் அண்ணன் சேவியர்தான் முடித்துவைப்பான். கடைக்காரரிடம், டாக்டரிடம், பெண் பார்க்க வந்தவர்களிடமும் கூட. அன்பாகத்தான் செய்தான்.

அவள் எடுத்து வளர்த்த நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தவர் மேலெல்லாம் பாய்ந்தது. எதிர்வீட்டு அம்மா தடுமாறி விழப் பார்த்த அன்று சேவியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது அடங்கலன்னா எவனாவது பண்ணைக்காரன்கிட்ட குடுத்துருவேன், பாத்துக்க."

அன்றிலிருந்து அவள் காலையும் மாலையும் கையில் பொறை ரொட்டியுடன் குட்டியை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். "உ... உ... உ..." என்று அவள் திணறும்போது முதல் இரண்டு நாளும் அது பாதியிலேயே ஓடிப்போனது. மூன்றாம் நாள் தலையைச் சாய்த்து அவள் வாயையே பார்த்தது. நான்காம் நாள், "உட்காரு" என்ற சொல் முழுதாக வெளியே வந்த பிறகு உட்கார்ந்தது. அதற்கு முன் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேவியர் மாடிக்கு வந்தான். குட்டி அவனை நோக்கிப் பாய்ந்தது.

"உ... உ..." என்றாள் ஜெசிந்தா.

"உட்காரு!" என்று சேவியர் முடித்தான்.

குட்டி நின்றது. ஆனால் உட்காரவில்லை. திரும்பி ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தது.

"அண்ணே, நீ பே... பேசாம இரு. அது கா... காத்துக்கிட்டு இருக்கு."

சேவியர் வாயை மூடிக்கொண்டான். அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். சொல் நடுவில் சிக்கியது. அவள் அவசரப்படவில்லை. ஏறுகிற வெயிலில் அண்ணனும் நாயும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.