மீன் சூப் போதும்

"நாளைக்கு மத்தியானம் உன் சாப்பாட்டுக் கடை முழுசும் எனக்கு வேணும், தெக்லா. மகன் வர்றான்."

தெக்லா கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். ஆஸ்திரேலியா போய், பன்னிரண்டு வருடமாக இந்தக் கிரேக்கத் தீவை எட்டிக்கூடப் பார்க்காதவன் ஆர்கிரிஸ்.

"ஒருவழியா அப்பன் ஞாபகம் வந்துச்சா அவனுக்கு! முழு ஆட்டையே சுட்டுடறேன், பந்தெலிஸ் அண்ணே."

"ஆடு வேணாம். மீன் சூப் போதும்."

"கஞ்சப்பிசினாறி! ஊரே திரண்டு வரும், வெறும் மீனா? ஒயினாவது உண்டா?"

"ஆளுக்கு ஒரு மடக்கு பிராந்தி."

"பாட்டு, வாத்தியம்?"

பந்தெலிஸ் முகவாயை நிமிர்த்தி, வேண்டாமென்றார். "பாதிரியார்கிட்ட சொல்லியாச்சு. சர்ச்சுல முடிஞ்சதும் எல்லாரும் இங்கதான் வருவோம்."

"அட்ரா சக்கை! வந்த அன்னிக்கே கல்யாணமா? அப்ப காப்பியில சர்க்கரைய அள்ளிக் கொட்டணும்!"

"காப்பி கசப்பாவே இருக்கட்டும்மா."

தெக்லா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

மீன் சூப், பிராந்தி, கசப்புக் காப்பி. போன வருடம் தன் புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு இதே மேசைகளில் அவள் பரிமாறியதும் அதைத்தான்.