நாலு பித்தளைக் கால்

"நாலே நாலு பித்தளைக் கால், ஒரு கனெக்டர். அதுகூட இல்லாம என்ன பட்டறை இது?"

மேலாளர் மேசையில் தட்டிய தட்டில் திருகுகள் துள்ளின. சர்க்யூட் போர்டுகளை அடுக்கி நிறுத்தும் கால்கள் அவை. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம். பதினோரு மணிக்கு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். காட்டவேண்டிய புது மிஷினோ பாதியில் நின்றது.

"ஆர்டர் போட்டாச்சு சார். நாளைக்குத்தான் வரும்," என்றாள் டெக்னீஷியன்.

"அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? சுவத்துல ஒரு பழைய பெட்டி தூசி படிஞ்சு தொங்குதே, அதுலேருந்து கழட்டு."

"சார், அது வந்து..."

"நான் இங்க சேர்ந்து மூணு மாசமாச்சு. அதை ஒருத்தர் தொட்டு நான் பாத்ததில்ல. கழட்டுன்னா கழட்டணும்."

"ஒரு நிமிஷம் கேளுங்க சார், அந்தப் பெட்டி..."

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரும்மா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். அரை மணி நேரத்தில் புது மிஷின் பச்சை விளக்கு காட்டியது.

"இதை முதல்லயே செஞ்சிருந்தா எனக்கு ஏன் பிரஷர் ஏறப்போகுது?"

வாடிக்கையாளர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். மேலாளர் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு போய், கதவைத் திறக்கும் கருவியில் தன் அட்டையைக் காட்டினார். கதவு அசையவில்லை. மறுபடி காட்டினார். தோளால் இடித்தும் பார்த்தார். வெளியே ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்தச் சனியன் ஏன் திறக்கல?"

"இதைத் திறக்கிறதே அந்தப் பெட்டிதான் சார்." அவள் புது மிஷின் பக்கம் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். "நீங்க கழட்டுன்னா கழட்டறேன்."