வாலுக்கு மேலே ஒரு பள்ளம்

அறுபத்தொரு மணி நேரமாகக் கடற்கரைச் சவாரிக் குதிரை எழவில்லை. ஐந்து மணிக்குள் நிற்காவிட்டால் கருணைக்கொலைதான் என்று பெரிய டாக்டர் சொல்லிப் போயிருந்தார். இடுப்பும் வாலும் சேரும் பள்ளத்தை விரலால் தேடி, மெல்லிய அக்குபஞ்சர் ஊசியை இறக்கித் திருகினாள் கால்நடை மருத்துவர் செம்மலர்.

"இதுக்கு முன்னாடி எத்தன குதிரைக்குக் குத்திருக்கீங்கம்மா?" என்றார் குதிரைக்காரர் காசிம். அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணிக்கிட்டிருக்காங்கடி" என்றார் அவர் குதிரையிடம்.

சதை ஊசியை இறுகப் பிடித்தது. வால் ஒருமுறை மணலை அடித்தது. பின்னங்கால்களை உந்தி, தள்ளாடி, உடலை உதறிக்கொண்டு குதிரை நின்றேவிட்டது. காசிம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"குதிரைக்கு இதுதான் மொத தடவ பாய்" என்றாள் செம்மலர். "இதுவரைக்கும் பப்பாளிக்காயிலதான் குத்திப் பழகினேன்."