மிலிட்டரி மாமாவின் துப்பாக்கி

"குடு மாமா, எங்கிட்ட குடுத்துடு! டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தா போலீஸ் கேஸ் ஆய்டும்!"

ஆட்டோக்காரர் காதில் விழாதபடி தரணி கிசுகிசுத்தாள். பக்கத்தில் மாசிலாமணி வலது இடுப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். ஆட்டோ புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்துகொண்டிருந்தது.

"வாணாம்மா... கைய எடு... அது அப்படியே இருக்கட்டும்" என்று முனகினார்.

உயிர் போகிற வலியிலும் விட மாட்டேன் என்கிறாரே! மிலிட்டரிக்காரர் என்றால் சும்மாவா?

மாசிலாமணி பட்டாளத்திலிருந்து வந்த பிறகு நகரியில் ஒரு பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கிறார். சாயங்காலம் அவர் சைக்கிளில் ஊர் திரும்பும்போது, தறிக்கூடத்தில் வேலை முடித்த பெண்களும் அவர் பின்னாலேயே சைக்கிளை மிதிப்பார்கள். அப்படி ஒருநாள் அவர்களில் ஒருத்தியான அம்சவேணிதான் கேட்டாள்: "இன்னா மாமா அது, சட்டைக்குள்ள பொடைச்சிக்கினு இருக்குது?"

மனிதர் திடுக்கிட்டுச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "அதெல்லாம் வெளிய சொல்றதுக்கில்ல. உன் வேலையைப் பார்த்துக்கினு வாம்மா."

போதாதா? பேங்கில் பிடித்துக்கொண்டு நிற்கிற நீளத் துப்பாக்கி வேறு, இது கைத்துப்பாக்கி, ரகசியம் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சைக்கிளில் போகிற ஆளிடம் துப்பாக்கி இருக்கும் என்று எந்தத் திருடன் எதிர்பார்ப்பான்? என்ன மூளை! யாரிடமும் சொல்லாதே, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியே நாலு ஊருக்குச் சொல்லி முடித்தார்கள்.

தரணியைத் தறிக்கூட வேலைக்கு அனுப்ப அவள் அம்மா சென்னம்மா சம்மதித்ததே அதனால்தான். மாந்தோப்பு வழியில் சங்கிலி அறுக்கிறவர்கள் தொல்லை. "மிலிட்டரி துப்பாக்கியோட கூட வர்றாரா, போ. இல்லன்னா வேலையும் வாணாம் ஒண்ணியும் வாணாம், கல்யாணத்தைப் பண்ணிக்கினு கிட" என்று கறாராகச் சொல்லியிருந்தாள். துப்பாக்கி பறிபோனால் தரணியின் வேலையும் போச்சு. அந்தப் பயத்தில்தான் இப்போது அவர் இடுப்புப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அதுவும் இன்றைக்கு அவளைக் காப்பாற்றியதே அந்தத் துப்பாக்கிதான்.

மாந்தோப்பு மேட்டில் ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் தாவி இறங்கித் தரணியின் கழுத்துச் சங்கிலியில் கையை வைத்தான். அவள் போட்ட கூச்சலில் முன்னால் மேட்டைத் தாண்டி இறங்கியிருந்த மாசிலாமணி திரும்பினார். எழுந்து நின்று பெடலை மிதித்து, மேட்டில் பாய்ந்து வந்தார். வந்த வேகத்தில் அவர் கை நேராக இடுப்புக்குப் போயிற்று. பல்லைக் கடித்தார். கண் இரண்டும் பிதுங்கின. அப்பப்பா, அந்த முகத்தில் என்ன கொலைவெறி!

"ஒரேய், கன் உந்திரா! பதா, பதா!" என்று தெலுங்கில் அலறிக்கொண்டு, துப்பாக்கிக்குப் பயந்து இரண்டு பேரும் பைக்கில் ஏறிப் பறந்தார்கள். ஒருவனுடைய செருப்பு அங்கேயே கிடந்தது.

கைதட்டலாம் என்று பார்த்தால், மாசிலாமணி சைக்கிளோடு சாய்ந்துவிட்டார்.

"புத்தூர் கட்டு போட்டா சரியாய்டும், தூக்குங்க" என்றாள் அம்சவேணி.

"எலும்பு இல்லம்மா... வயிறு..." என்றார் அவர்.

விழுந்த வேகத்தில் துப்பாக்கி வயிற்றில் குத்தியிருக்கும் என்று தரணிக்குத் தோன்றியது. சைக்கிள்களை அம்சவேணியிடம் விட்டுவிட்டு, வந்த ஆட்டோவை மடக்கி அவரை ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. காளஹஸ்தி ஈஸ்வரனைக் கும்பிட்டுக்கொண்டு நின்ற தரணியின் போன் அடித்தது.

"அம்சவேணி சொன்னா. மிலிட்டரி எப்பிடிடி இருக்காரு?" என்றாள் சென்னம்மா. அடுத்த மூச்சிலேயே, "துப்பாக்கியைப் போலீஸ் புடிங்கிக்கினா நாளையிலேர்ந்து நீ வூட்லதான், சொல்லிட்டேன்!"

"இரும்மா, டாக்டர் வராங்க" என்று தரணி போனை வைத்தாள்.

டாக்டர் பிரமிளா கையுறையைக் கழற்றிக்கொண்டே கோபமாக வந்தார்.

"இவர்கூட வந்தது யாரம்மா? நீயா? இவ்ளோ பெருசை இடுப்புல வெச்சுக்கிட்டு இந்த மனுஷன் தினமும் சைக்கிள் ஓட்டறாராமே! உங்க யாருக்கும் புத்தி இல்லியா?"

தரணி அழுதே விட்டாள். "போலீசுக்குச் சொல்லிடாதீங்க மேடம்! அவரு யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாரு. எங்களைக் காப்பாத்தத்தான் வெச்சிருக்காரு. லைசன்ஸ்கூட இருக்குது மேடம்!"

"லைசன்ஸா?" டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, குடலிறக்கத்துக்கு எந்த ஊர்ல லைசன்ஸ் கொடுக்கறாங்க? வெட்கப்பட்டுக்கிட்டு வருஷக்கணக்கா மறைச்சிருக்கார். மேட்டுல அழுத்தி மிதிச்சதுல குடல் சிக்கிக்கிச்சு. இப்பவே ஆபரேஷன் பண்ணணும்."

திறந்த கதவு வழியே மாசிலாமணி துண்டால் முகத்தை மூடிக்கொள்வது தெரிந்தது.

போன் மறுபடி அடித்தது. "இன்னாடி, துப்பாக்கியைப் புடிங்கிக்கினாங்களா?"

தரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா, சர்வீசுக்கு உள்ள எடுத்துக்கினு போயிருக்காங்க."