உரியவர்

சீல் உடைக்காத டேப்லெட் பெட்டியைச் சுங்க அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொந்த உபயோகமா, பாய்? யாருக்கு இது?"

"என் ரூம்ல இருந்த வேலாயுதம் தன் மகளுக்கு வாங்கினது, சார். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள்."

"என்னுதுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். அடுத்தவங்க சாமான்னா உரியவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இல்லேன்னா பெட்டி இங்கேயே இருக்கும்."

"நோன்பு வாயால பொய் சொல்ல முடியாது, சார்" என்றார் பக்கீர். "அவரும் இதே பிளைட்லதான் வந்திருக்கார்."

"அப்பக் கூப்பிடுங்க."

"சவப்பெட்டியில வந்திருக்கார், சார்."

உரியவரின் கையெழுத்துக்கென மேசையில் வைத்திருந்த வெற்றுப் படிவத்தை அதிகாரி பார்த்தார். பிறகு அதை ஓரமாக நகர்த்தப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். அதில் கையெழுத்துப் போடும் இடத்தில் வேலாயுதம் என்று எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை. அங்கிருந்த ஒரே பேனா அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

அவரே எழுந்து பெட்டியைப் பக்கீரின் பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். தடுப்புக் கதவைத் திறந்துவிட்டார். பக்கீர் கடந்துபோன பிறகும், இன்னொருவர் போகும் நேரம்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பாத்துப் போங்க" என்றார் மெதுவாக.